வெறுங்கோப்பிக்காரருக்கு மெசின் விற்றவள்

மின்சாரச் சாமான் கடையில் விற்பனைக்கு நிற்கிறவளுக்குக் கால் உளையும், தொண்டை கட்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். அடிக்கடி நெஞ்சு திக்கென்று நின்று திரும்ப ஓடும் என்பதை மட்டும் வேலைக்குச் சேர்க்கிறபோது ஒருவரும் சொல்வதில்லை. கடைகளிலும் வங்கிகளிலும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நாள் முழுக்கச் சிரித்த முகத்தோடு நிற்கிற என் இனத்தவர்களே, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் கடை யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரம். கிரைண்டர், மின்விசிறி, ரைஸ் குக்கர் என்று ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கடை. முதலாளி ஒருமுறை கொழும்புக்குப் போய்வந்தார், வந்த கையோடு தானாகவே கோப்பி போடும் சின்ன மெசின்களில் இரண்டு வகை இறக்கிவிட்டார். மேலே கொட்டையைக் கொட்டி, பின்னால் தண்ணீரை ஊற்றி, பொத்தானை அழுத்தினால் அதுவே அரைத்து, அதுவே வடித்துத் தரும். ஒன்று ஒடுக்கமானது, வெறுங்கோப்பி மட்டும்தான் தரும். மற்றது கொஞ்சம் அகலம், பால் நுரைக்கிற ஆவிக் குழாயும் தொட்டு அழுத்துகிற திரையும் உள்ளது. பால் விடாமல் குடிக்கிறவர்களுக்குச் சின்னதே போதும். குழாய்க்குள் பால் காய்ந்து மணக்காது, கழுவுகிற கரைச்சல் இல்லை, குசினி மேசையில் இடமும் பிடிக்காது. வருகிறவர்களிடம் நான் இதை உள்ளபடி சொல்வேன். முதலாளிக்கோ பெரியது போகவேண்டும். அவர் கண்ணை உருட்டுவார், நான் காணாததுபோல் நிற்பேன்.

எங்கள் பக்கத்தில் வெறுங்கோப்பி குடிக்கிறவர்களுக்குக் குறைவேயில்லை. ஆனால் அவர்கள் கொட்டையை மல்லியோடு வறுத்து இடித்து, கொதிதண்ணீரில் போட்டு, மண்டி அடியில் இறங்கும்வரை பொறுமையாகக் காத்திருந்து குடித்துப் பழகியவர்கள். அவர்களுக்கு மெசின் காட்டப் போய் நான் வாங்கிய அதிர்ச்சிகளைத்தான் இங்கே எழுதுகிறேன். அதற்குள் ஒரு அண்ணனும் தங்கையும் வருவார்கள். நான் விற்ற சாமான் அந்த இரண்டு பேரையும் ஒரேயடியாகப் பிரித்துவிடப்போகிறதே என்று நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

கண்ணுக்கு விடுகிற அளவு

முதல் முதல் மெசினைப் பார்க்க வந்தவர் குருநகர் மரியநாயகம் அண்ணை. சொந்தமாகப் படகு வைத்திருப்பவர், ஆள் வாட்டசாட்டம். கடலால் வந்ததும் ஒரு பெரிய பேணி நிறைய வெறுங்கோப்பி குடித்தால்தான் வாய் திறப்பாராம். எனக்கு அப்போது மெசின் புதுசு. கொழும்பில் பழக்கித் தந்தபடி, சின்னக் கோப்பைப் பொத்தானை அழுத்தினேன். அது கரகரவென்று அரைத்து, மூன்று வாய்க்குக்கூடக் காணாத அளவு கறுப்பாக வடித்துவிட்டு நின்றது. மரியநாயகம் அண்ணை கோப்பைக்குள் பார்த்தார். பிறகு குனிந்து, மிச்சம் எங்கேயாவது ஒழுகுகிறதா என்று மெசினுக்குக் கீழே பார்த்தார். "அவ்வளவுதான் அண்ணை, இது நல்ல கடும் சாயம்" என்றேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டு, ஒரே மடக்கில் விழுங்கினார்.

விழுங்கியவர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். கண் இரண்டும் பிதுங்க, கை நெஞ்சுக்குப் போனது. வாங்க வந்த மனுசனைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, "அண்ணை, உங்களுக்கு நெஞ்சு வருத்தம் ஏதும் இருக்கோ? டொக்டரைக் கூப்பிடட்டோ?" என்று கத்தினேன். கடையில் நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மெதுவாக மூச்சை விட்டு, நெஞ்சிலிருந்து கையை எடுத்து, வெறும் கோப்பையை என்னிடம் நீட்டிச் சொன்னார்: "கண்ணுக்கு விடுற மருந்துமாதிரித் துளி தந்திட்டு, இப்ப என்னத்துக்குத் தங்கச்சி டொக்டரைத் தேடுறீர்? இன்னொண்டு போடும்."

மல்லி சேராத கோப்பி

கோப்பாய் நடராசா அண்ணை வந்தது ஒரு வெயில் நேரம். வெங்காயமும் மிளகாயும் செய்கிற தோட்டக்காரர். கூடவே மனைவி பூமணி அக்காவும் வந்திருந்தார். நடராசா அண்ணை கேட்ட முதற் கேள்வியே எனக்கு விநோதமாக இருந்தது. "உதுக்குள்ளை கோப்பிக்கொட்டையைத் தவிர வேறை ஒண்டும் சேராதெல்லோ?" என்றார். சேராது என்றேன். "மல்லி?" என்றார். மல்லிக்கு அதில் இடமே இல்லை என்று நான் பெருமையாகச் சொல்ல, மனுசனின் முகம் மலர்ந்தது. இரண்டு மெசினிலும் போட்டுக் கொடுத்தேன். மரியநாயகம் அண்ணைக்குப் பிறகு எனக்குப் புத்தி வந்திருந்தது, பெரிய கோப்பைப் பொத்தானைத்தான் அழுத்தினேன். அவர் மாறி மாறிக் குடித்துப் பார்த்துக்கொண்டிருக்க, பூமணி அக்கா என்னை மின்விசிறிப் பக்கம் தள்ளிக்கொண்டுபோய்க் கதையைச் சொன்னார்.

நடராசா அண்ணைக்கு ஒரேயொரு தங்கை, மலர். தாய் தகப்பனின் வீடு எங்கள் வழமைப்படி மலருக்குச் சீதனமாகப் போயிற்று. நடராசா அண்ணை பக்கத்து வளவுப் பூமணியைக் கட்டி வேலிக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டார். நடுவேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு. அந்தப் பொட்டால் மலர் தன் கையால் வறுத்து இடித்த கோப்பித்தூள் அண்ணனுக்கு வந்துகொண்டே இருந்தது. ஒருநாள் மலரின் புருசன் மயில்வாகனத்தின் தமையனார் குடும்பமாக வந்திருந்தாராம். அவர்களுக்கு நடுவில் இருந்து, மலர் போட்ட கோப்பியில் ஒரு வாய் குடித்துவிட்டு நடராசா அண்ணை, "இதென்ன, காய்ச்சல்காரருக்கோ கோப்பி போட்டனீ? மல்லியல்லோ மணக்குது" என்று பகிடி விட்டிருக்கிறார். வந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். புருசன்வீட்டு ஆட்களுக்கு முன்னால் தலை குனிந்த மலர் சிரிக்கவில்லை. விடிந்து பார்த்தால் வேலிப் பொட்டில் தகரம் அடித்திருந்தது. அன்றோடு தூளும் இல்லை, கதை பேச்சும் இல்லை. நடராசா அண்ணையும் ரோசக்காரர், உன் தூள் இல்லாமல் எனக்குக் குடிக்கத் தெரியாதோ என்று நின்றுவிட்டார்.

கதை முடியவும் நடராசா அண்ணை சின்ன மெசினின் தலையில் தட்டி, இதுதான் வேண்டும் என்றார். நான் பெட்டியை எடுக்கத் திரும்பினேன். பூமணி அக்கா என் கையைப் பிடித்து, காதுக்குள் சொன்னதைக் கேட்டு எனக்குப் பெட்டி கைநழுவப் பார்த்தது. இத்தனை வருச வேலையில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. "உந்த மெசின் நல்லாய் வேலை செய்தால் அண்ணனும் தங்கச்சியும் இனிக் கதைக்கவே மாட்டினம், பிள்ளை. கெதியாய்ப் பழுதாய்ப் போறதாய் ஒண்டு பாத்துத் தாரும்."

ஆவி வருகிற குழாய்

இடையில் ஒரு நாள் தென்மராட்சிப் பக்கமிருந்து ஒரு அம்மா வந்தார். பெரிய அலுவலகத்தில் வேலை, படித்தவர், நல்ல ஆங்கிலம். சீனியும் வேண்டாம் பாலும் வேண்டாம் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறாராம், வெறுங்கோப்பி மட்டும்தான் குடிப்பாராம். அப்படியென்றால் சின்னதே போதும் அம்மா என்று நான் தொடங்கவே, அவர் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, பெரிய மெசினின் ஆவிக் குழாயை வேலை செய்யச் சொன்னார். பால் குடிக்காதவருக்குப் பால் நுரைக்கிற குழாய் எதற்கு என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு திருகினேன். ஆவி புஸ்ஸென்று வந்தது. அம்மா உள்ளங்கையை எட்டப் பிடித்துச் சூடு பார்த்தார், குழாயின் நீளத்தை விரலால் சாண் போட்டார், விடாமல் எவ்வளவு நேரம் வரும் என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் கைப்பையைத் திறந்தார். உள்ளேயிருந்து, நாங்கள் புட்டு அவிக்கிற பனையோலை நீத்துப்பெட்டி ஒன்றை எடுத்துக் குழாயின் நுனியில் பிடித்து அளவு பார்த்தார். இது அதற்கில்லை அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னால் நின்ற முதலாளி முந்திக்கொண்டு, "தாராளமாய்ச் செய்யலாம் அம்மா" என்றார். நான் அவரைப் பார்த்த பார்வையை அவர் இன்னும் மறந்திருக்கமாட்டார். அம்மா பெட்டியைத் திரும்பக் கைப்பைக்குள் வைத்து, திருப்தியாகச் சொன்னார்: "அப்ப காலமைச் சாப்பாடும் கோப்பியும் ஒரே பிளக்கிலை முடிஞ்சுது, கேஸ் சிலிண்டரை நான் என்ரை தங்கச்சிக்குக் குடுத்திடுவன்."

குடையோடு வந்தவர்

நடராசா அண்ணைக்கு விற்ற மெசின் பழுதாகவில்லை. நல்ல மெசின் அது, என்ன செய்வது. நன்றாக ஓடுகிறதா என்று கேட்க நானே ஒருமுறை தொலைபேசி எடுத்தேன். பூமணி அக்காதான் பேசினார். "ஓடுது" என்று சாவீட்டுச் செய்தி சொல்கிற குரலில் சொன்னார்.

அதற்குப் பிறகு ஒருநாள், கறுப்புக் குடையை மடக்கிக்கொண்டு ஒரு அக்கா உள்ளே வந்தார். மின்விசிறி பார்க்கவில்லை, கிரைண்டர் பார்க்கவில்லை, நேரே கோப்பி மெசினுக்கு முன்னால் வந்து நின்றார். "கோப்பாய்ப் பக்கம் ஒருத்தர் வாங்கினவராம். அவர் வாங்கினது எது?" என்று கேட்டார். வாங்கினவரின் பெயர் கேட்டேன், தெரியாது என்றார். சின்னதைக் காட்டினேன். தண்ணீர்ப் பெட்டியைக் கழற்றித் தரச்சொல்லிக் கையில் ஏந்திப் பார்த்தார். "தோள்மூட்டு வருத்தம் உள்ள ஆள் உதைத் தண்ணியோடை தூக்கேலுமோ?" என்றார். தூக்கத் தேவையில்லை, செம்பால் ஊற்றலாம் என்றேன். "சூடு கூடவோ? சில பேருக்கு வாய் அவியும்" என்றார். அப்போதுதான் முகத்தை நன்றாகப் பார்த்தேன். நடராசா அண்ணையின் அதே நெற்றி, அதே புருவம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெயர் தெரியாத ஒருவரின் தோள்மூட்டைப் பற்றி இவ்வளவு அறிந்தவர் உலகத்தில் ஒருவர்தான் இருக்கமுடியும்.

நான் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் ஒரு கோப்பி போட்டுக் கொடுத்தேன். மலர் அக்கா நின்றபடியே குடித்தார். அவசரமில்லாமல், நாக்கில் வைத்து வைத்து, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். பிழை சொல்வார், ஏதாவது குறை கண்டுபிடிப்பார், நானும் ஓம் ஓம் என்று தலையாட்டலாம் என்று நின்றேன். அவர் கோப்பையை மேசையில் வைத்து, குடையை எடுத்து, போகிற வழியில் திரும்பிச் சொன்னார்: "நல்லாய்த்தான் கிடக்கு, பிள்ளை. அதுதான் கவலை."

கடையெல்லாம் வாசம்

அடுத்து வந்தது நடராசா அண்ணைதான். மெசினைத் துவாயில் சுற்றி, மடியில் வைத்து, பஸ்ஸில் கொண்டுவந்திருந்தார். அரைக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறதாம். எனக்கு உள்ளூர ஒரு சந்தோசம், பூமணி அக்காவின் நேர்த்தி பலித்துவிட்டது என்று. திருத்துகிற ரவி அரைக்கிற பகுதியைக் கழற்றி, ஒரு கடதாசியில் தட்டினான். தட்டியதும் வறுத்த மல்லி வாசம் கடை முழுக்க ஏறியது. குளிர்சாதனப் பெட்டி பார்த்துக்கொண்டிருந்த ஒரு புருசன் பெண்சாதி இரண்டு பேரும், இங்கே யார் ரசம் வைக்கிறார்கள் என்று கேட்டார்கள். நான் கடதாசியைப் பார்த்தேன். பிளந்த மல்லி, முழு மல்லி, அரைபட்டு எண்ணெய் கசிந்து பல்லிடுக்கெல்லாம் அப்பிய மல்லி. மல்லி சேராத கோப்பி வேண்டும் என்று இந்த மெசினை வாங்கிய மனுசன்.

நடராசா அண்ணை மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தபடி, "கொட்டையோடை கலந்து வந்திருக்கும்" என்றார். "கொட்டை நாங்கள் தந்த ஒட்டின பைக்கற் அண்ணை" என்றேன். அவர் குரலைத் தணித்து, "ஒரு பிடிதான் போட்டனான். குடிக்கேக்கை என்னவோ காணாதமாதிரிக் கிடந்தது. வீட்டுக்காரிக்குச் சொல்லிப்போடாதையும்" என்றார். பெரிய மெசினில் தூள் போட ஒரு தனி வாய் இருக்கிறது, சின்னதில் இல்லை, இதில் கொட்டையைத் தவிர எதைப் போட்டாலும் இறுகிவிடும் என்று விளக்கினேன். விளக்கிக்கொண்டிருக்கும்போதே என் வாய் நிற்கவில்லை. "அண்ணை, அந்தத் தூள் இடிக்கிற ஆள் இஞ்சை வந்தவ. நீங்கள் குடிக்கிற கோப்பியைக் குடிச்சுப் பாத்திட்டுப் போனவ" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. எரிந்து விழப்போகிறார், மெசினை இங்கேயே போட்டுவிட்டுப் போகப்போகிறார் என்று நினைத்தேன். அவர் துவாயை மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார். ரவி எல்லாவற்றையும் துடைத்துப் பூட்டி முடித்தான். மெசினைத் தூக்கிக்கொண்டு கதவுவரை போனவர், அங்கே நின்று என்னைப் பார்க்காமலே கேட்டார்: "அவவுக்குப் பெரிய கோப்பையிலையோ குடுத்தனீர்?"

நெருப்பு இருக்கிறதா

ஒரு நாள் காலமை, கடை திறந்து சாமான் துடைத்துக்கொண்டிருக்கையில் நடராசா அண்ணையின் தொலைபேசி வந்தது. "பிள்ளை, சிவப்பு லைற் எரியுது, ஒண்டும் வருகுதில்லை. கெதியாய் ஒருக்கால் வாரும், ஆக்கள் நிறைஞ்சு போச்சினம்" என்றார். என்ன ஆட்கள் என்று கேட்கமுதல் வைத்துவிட்டார். ரவி வரவில்லை. முதலாளியிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கோப்பாய்க்குப் போனேன். ஒழுங்கைக்குள் திரும்பியதும் பறைச் சத்தம் கேட்டது. நடராசா அண்ணையின் படலை பூட்டிக் கிடந்தது. அடுத்த படலையில் தோரணமும் கதிரைகளும். மலர் அக்காவின் புருசன் மயில்வாகனம் விடிய எழும்பவில்லை, நித்திரையிலேயே போய்விட்டாராம். படலையில் நின்ற ஒருவர் சொல்ல, நான் ஸ்கூட்டியின் எஞ்சினை அணைக்கவும் மறந்து நின்றேன்.

உள்ளே போனால் அடுத்த அதிர்ச்சி. விறாந்தை ஓரத்து மேசையில், நீட்டு வயர் இழுத்து, நான் விற்ற மெசின். பக்கத்தில் வியர்க்க விறுவிறுக்க நடராசா அண்ணை. செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, பக்கத்து வீடுகளிலிருந்துதான் கோப்பி வரவேண்டும். பக்கத்து வீடு அவருடையது. பகை என்றாலும் முறை முறைதானே. ஆனால் மெசின் வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் கொட்டையைத் தவிரத் தூள் என்று ஒன்று இல்லை. ஒவ்வொரு கோப்பையாய் வடித்து, ஒழுங்கையால் சுற்றிக் கொண்டுவந்தால் ஆறிப்போகும் என்று, மனுசன் மெசினையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். இத்தனை காலம் மிதிக்காத முற்றத்துக்குள் வெறுங்கையோடு வரக் கூசியிருக்கிறது என்பதும் எனக்கு விளங்கிற்று. கோப்பிச் சக்கை விழுகிற பெட்டி நிறைந்ததுதான் சிவப்பு லைற். தட்டிக் கழுவிப் போட்டேன், மெசின் திரும்ப ஓடத் தொடங்கியது. தட்டத்தில் கோப்பைகள் நிறைந்தன. உள்ளே கூடத்தில் மலர் அக்கா தலைமாட்டில் இருந்தார். விடியத்தொட்டு வாயில் ஒரு சொட்டும் படவில்லை, யார் சொல்லியும் கேட்கிறாவில்லை என்று பூமணி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். முதல் கோப்பையை நடராசா அண்ணை தானே எடுத்துக்கொண்டு கூடத்து வாசலை நோக்கி நடந்தார். என் கண் முழுக்க அந்தக் கோப்பையில்தான் இருந்தது. அவ வாங்குவாவோ, தட்டிவிடுவாவோ?

வாசலில் செத்தவரின் தமையனார் கதிரையில் இருந்தார். அன்றைக்கு மல்லிப் பகிடிக்குச் சிரித்த அதே மனுசன். அவர் கையை நீட்டி மறித்தார். "கொஞ்சம் பொறும். உந்தக் கோப்பி எங்கை சூடானது?" என்றார். விறாந்தையில் என்று யாரோ சொன்னார்கள். அவர் என்னைப் பார்த்தார். "நீர்தானே விக்கிற பிள்ளை? உதுக்குள்ளை நெருப்பு இருக்கோ?" சூடேறுகிற கம்பி இருக்கிறது, நெருப்பில்லை என்று முணுமுணுத்தேன். "அப்ப இந்த வீட்டுக்குள்ளை தண்ணி கொதிச்சிருக்கு" என்றார் அவர். கடையில் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள், இப்படி ஒன்றை நான் கனவிலும் நினைத்ததில்லை.

ஆட்கள் இரண்டு பக்கமாகப் பேசத் தொடங்கினார்கள். கரண்டுக்கு முறை கிடையாது என்றார் ஒருவர். சூடு சூடுதான் என்றார் இன்னொருவர். எல்லாருக்கும் களைப்பு, எல்லார் கண்ணும் தட்டத்தில். தமையனார் ஒரு வழி சொன்னார். "வீட்டுக்காரர் மூட்டினால்தான் குற்றம். பிறத்தியார் தங்கடை சாமானிலை செய்தால் நாங்கள் விட்டுப்பிடிக்கலாம். நடராசா, நீர் சொல்லும், நீர் இந்த வீட்டு ஆளோ, பிறத்தியோ?" கேலியாகக் கேட்கவில்லை, நல்ல மனதோடுதான் கேட்டார். அண்ணனும் தங்கையும் முகம் பார்த்துக் கனகாலமாயிற்று என்பது ஊருக்கே தெரியும். பிறத்தி என்று ஒரு சொல் சொன்னால் காரியம் முடிந்தது, எல்லாரும் கோப்பி குடிக்கலாம், தங்கையின் வாயிலும் ஒரு சொட்டுப் போகலாம். சொல்லுங்கள் அண்ணை என்று நானே மனதுக்குள் கெஞ்சினேன். பக்கத்தில் நின்ற ஒருவர் வாய்விட்டே, "பிறத்தியெண்டு சொல்லும், ஆக்கள் குடிக்கட்டும்" என்றார்.

நடராசா அண்ணை கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார். கூடத்துக்குள் பார்த்தார். பிறகு திரும்பி வந்து, கோப்பையை மேசையில் வைத்து, குனிந்து பிளக்கைப் பிடுங்கினார். "நான் பிறந்த வீடு இது. பிறத்தியெண்டு எப்பிடிச் சொல்லுவன்?" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பூமணி அக்கா தட்டத்தைத் தூக்கிக்கொண்டுபோய் வாழையடியில் ஊற்றினார். ஒழுங்கையின் மறுகரை வீட்டிலிருந்து யாரோ ஒரு கேத்தில் கோப்பியோடு படலையால் வந்தார்கள். மெசினை என்ன செய்வதென்று தெரியாமல் நான் நடுவில் நின்றேன். நடராசா அண்ணையும் போவதா நிற்பதா என்று தெரியாமல், வயரைக் கையில் சுற்றியபடி நின்றார்.

கூடத்துக்குள் பெண்கள் விலகினார்கள். மலர் அக்கா எழும்பி வாசல்வரை வந்தார், நிலையைப் பிடித்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தார். அவரோடு ஒன்றும் கதைக்கவில்லை. மறுகரை வீட்டார் நீட்டிய கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "மெசினை நீர் கொண்டு போம், பிள்ளை. அண்ணை நிக்கட்டும்."

வெறுங்கோப்பி குடிக்கிறவர்களுக்கு இரண்டில் எது நல்லது என்று இன்றைக்கும் ஆட்கள் வந்து கேட்கிறார்கள், நானும் முதலாளி உருட்டுகிற கண்ணைக் காணாமல் சின்னதுதான் என்று சொல்கிறேன், ஸ்கூட்டியின் கால் வைக்கிற இடத்தில் வைத்துத் திருப்பிக் கொண்டுவர அதுதான் வசதி.